ஏஜெண்ட் புரட்டாத பக்கங்கள்

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் குடியிருப்பில் 80 வீடுகள். தேர்தல் அன்று பாதிப் பேர்கூட ஓட்டுப் போடப் போவதில்லை. கேட்டால், 'என் ஒரு ஓட்டால என்ன சார் மாறிடப் போகுது' என்கிறார்கள். எனக்கே அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிஜமாகவே ஓட்டுக்கு மதிப்பு உண்டா? உண்டென்றால் இவர்களை எப்படிக் கிளப்புவது?"

நான் முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன். வாத்தியார் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது தேர்தல் டியூட்டி. சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று மாறி மாறி, விரலில் மை வைப்பவனாகத் தொடங்கி வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரை எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுவோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போடுகிற கணக்கு சரிதான். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு, இரண்டரை லட்சம் வாக்காளர்கள். அதில் முடிவு சரியாக ஒரே ஓட்டில் நின்று, அந்த ஓட்டு அவருடையதாக இருப்பது லாட்டரி விழுகிற மாதிரி. நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004-ல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரு ஓட்டில் தோற்றார். 2008-ல் ராஜஸ்தானின் நாத்வாராவில் சி.பி. ஜோஷி, அப்போது மாநில காங்கிரஸ் தலைவர், முதலமைச்சர் நாற்காலிக்கே பேசப்பட்டவர், 62,215 ஓட்டு வாங்கி, 62,216 வாங்கியவரிடம் தோற்றார். தேர்தல் வந்தால் இந்த இரண்டு கதையும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆனால் இத்தனை பெரிய நாட்டில், இத்தனை வருஷத்தில், தேடிப் பிடித்து இரண்டு கதை சொன்னால் அது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் சாதகம். அவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

சொல்வதானால் தியாகராய நகரைச் சொல்லுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி வாங்கியது 56,035. அ.தி.மு.க.வின் சத்தியநாராயணன் வாங்கியது 55,898. வித்தியாசம் 137. அந்தத் தொகுதியில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உங்கள் மாதிரி இரண்டு குடியிருப்பில் வராமல் போனவர்களைக் கூட்டினாலே 137 வந்துவிடும். அதே தேர்தலில் மொடக்குறிச்சி 281-ல் முடிந்தது, தென்காசி 370-ல். காட்பாடியில் துரைமுருகன் மாதிரி ஒருவரே 746-ல்தான் கரையேறினார். கொஞ்சம் பின்னால் போனால் 1967, விருதுநகர். காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில். இந்த எண்களில் ஒரு வசதி இருக்கிறது. ஓர் ஆளின் ஓட்டு தீர்மானித்தது என்று பூச்சுற்ற வேண்டியதில்லை. ஒரு தெரு, இரண்டு குடியிருப்பு, ஒரு கிராமம் தீர்மானித்தது என்று கண்ணால் பார்க்க முடிகிற அளவு.

வாத்தியார்கள் சம்பந்தப்பட்ட ஒரு கதையும் உண்டு, சொல்லாமல் விட மனசில்லை. 2016, ராதாபுரம். அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். எண்ணும் இடத்தில் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தார்கள். காரணம், அவற்றில் சான்றொப்பம் போட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று ஒரு வாதம். அப்பாவு நீதிமன்றம் போனார். 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, அதற்குள் ஐந்து வருஷப் பதவிக்காலமே முடிந்துபோயிற்று. தேர்தல் டியூட்டியில் யார் யாருடைய ஓட்டையோ பதிவு செய்யப் போனவர்கள் தங்கள் ஓட்டைத் தபாலில் அனுப்பி, அது எண்ணப்படுமா என்று தெரியாமல் ஐந்து வருஷம் காத்திருந்த கதை இது. அதற்கப்புறம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் தபால் ஓட்டுப் படிவத்தை ஒவ்வொருவரும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

சரி, இதெல்லாம் நெருக்கமான போட்டி நடந்த இடங்கள். நாற்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் முடிகிற தொகுதியில் இருப்பவர் எதற்குப் போக வேண்டும்? உண்மையான கேள்வி இதுதான். இதற்கு என்னிடம் இருக்கிற பதில் புத்தகத்தில் படித்ததில்லை, வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பார்த்தது.

ஒரு சட்டமன்றத் தேர்தல். நான்தான் தலைமை அலுவலர். உங்கள் ஏரியா மாதிரியே ஒரு புறநகர். என் சாவடிக்கு வந்த வாக்காளர் பட்டியல் பாகத்தில் ஓடு வேய்ந்த வீடுகளும் ஒண்டுக்குடித்தனங்களுமாக மூன்று தெரு, கூடவே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று. உள்ளே கட்சிகளின் பூத் ஏஜெண்டுகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். கையில் வாக்காளர் பட்டியல் நகல், பள்ளிக்கூடத்து மர ஸ்கேல், சிவப்புப் பேனா. எங்கள் ஆள் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிக்கப் படிக்க, அவர் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுப்பார். எங்கள் பட்டியலிலும் அப்படித்தான், ஆண் என்றால் கோடு, பெண் என்றால் கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அவர் அந்த மூன்று தெருப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு முணுமுணுக்கிறார்: "இவரு வந்துட்டாரு, சம்சாரம் வரல... இந்தப் பையன் வேலைக்குப் போயிருப்பான், அஞ்சு மணிக்கு மேல வருவான்... பாட்டிக்கு ஆட்டோ அனுப்பணும்." அப்புறம் அடுக்குமாடிப் பக்கங்கள் வந்தன. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஐந்தாறு பக்கத்தைச் சேர்த்துப் பிடித்து, ஒரே புரட்டு. நான் சும்மா இல்லாமல் கேட்டேன், "என்னங்க, அதைப் பார்க்கலையா?" அவர் சிரித்துக்கொண்டே, "அது ஃபிளாட்டு சார். அவங்க வரமாட்டாங்க. வராதவங்க வீட்டுக்கு நடந்து செருப்புத்தான் தேயும்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் மாற்று ஏஜெண்ட் வந்து உட்கார்ந்ததும் அவர் எழுந்து போனார். குறித்த பட்டியல் வெளியே போகக் கூடாது என்பது விதி, அதை வைத்துவிட்டுத்தான் போனார். ஆனால் தலைக்குள் இருந்த கணக்கை யார் நிறுத்துவது? மூன்று மணிக்கெல்லாம் அந்தப் பாட்டி ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

எனக்கு அந்த ஒரு புரட்டு போதும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். போட்டீர்களா என்பது ரகசியமே இல்லை. தேர்தல் முடிந்தால் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை விழுந்தது என்று அதில் வரிசையாக இருக்கும், யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். ஒரு சாவடிக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பேர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். கட்சிக்காரன் அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறான். தோற்ற கட்சிதான் இன்னும் கவனமாகப் படிக்கும். எந்தத் தெரு வரும், எந்தத் தெரு வராது, எது இந்தத் தடவை திரும்பிக்கொண்டது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிறகு கால்வாய் தூர்வாருவது, தெருவிளக்கு, குப்பை வண்டி என்று வார்டில் பேச்சு வரும்போது யார் கோபித்துக்கொண்டால் நஷ்டம் என்று ஒரு கணக்கு ஓடும் இல்லையா, அதில் வராத தெருவின் கோபத்துக்கு விலை இல்லை. ஜெயிக்கிற வேட்பாளருக்கு நாற்பதாயிரம் வித்தியாசம் இருந்தாலும், உங்கள் சாவடியின் எண் உங்கள் சாவடியின் எண்தான்.

இதையே மாநில அளவில் பாருங்கள். தமிழ்நாட்டு வாக்காளர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், வெயிலில் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். 2021-ல் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. இது சரியா தப்பா என்று நீங்கள் சண்டை போடலாம், ஆனால் எந்தக் கட்சி வந்தாலும் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெண்களுக்கு ஏதாவது ஒன்று இருக்கிறதே, அது ஏன் என்று வரிசையைப் பார்த்தவனுக்குத் தெரியும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பதிவானது. மத்திய சென்னையில் 54-ஐத் தொடவில்லை. படித்தவர்கள் நிறைந்த ஊரில் ஏன் இப்படி என்று தொலைக்காட்சியில் தலையில் அடித்துக்கொள்வார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் உங்கள் குடியிருப்பு லாரித் தண்ணீர் வாங்கிவிடும், கரண்ட் போனால் ஜெனரேட்டர், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி. ரேஷன் கடையும் அரசு ஆஸ்பத்திரியும் நூறு நாள் வேலையும் இல்லாமல் மாதம் ஓடாத வீட்டுக்கு ஓட்டு என்பது வேறு மாதிரிப் பொருள். இதனால் வராதவர்களைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அரசாங்கம் தேவைப்படாத மாதிரி ஒரு தோற்றம் இருக்கிறது, மழை வெள்ளம் பார்க்கிங்கில் நுழைகிற வரைக்கும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஓட்டைத் தடுக்க மெனக்கெட்டவர்களைப் பாருங்கள். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அப்புறம் பத்து வருஷம் அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்க விடவில்லை. மனுப் போட ஆள் வராது, மீறி ஒருவர் வந்து ஜெயித்தால் அடுத்த நாளே ராஜினாமா. 2006-ல்தான் நடந்தது. அதே மாவட்டத்தில் மேலவளவு, ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூனில் பேருந்திலிருந்து இறக்கி, உடன் இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். ஓர் ஊராட்சித் தலைவர் பதவி, அதற்கு விழுகிற சில ஆயிரம் ஓட்டு. ஒன்றுமில்லாத விஷயத்துக்கா கத்தியை எடுத்தார்கள்?

பணமும் இதே கதைதான். 2009 இடைத்தேர்தலுக்கு அப்புறம், ஓட்டுக்குக் காசு கொடுப்பதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு சொல்லே நம் பேச்சில் நின்றுவிட்டது. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையும் 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையும் பணப் பட்டுவாடா புகாரில் ஆணையமே ரத்து செய்து பிறகு நடத்தியது. வேலூரில் கடைசியில் வித்தியாசம் 8,141. காசு வாங்கினால் அந்தச் சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போனபின் யாருக்கும் தெரியாது, அந்த அட்டை மறைப்பு அதற்குத்தான். இதை உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு மெதுவாகச் சொல்லி வையுங்கள், பெரிய புண்ணியம்.

நோட்டாவைப் பற்றிக் கேட்பார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார். ஆனாலும் வீட்டில் இருப்பதற்கு அது மேல். அந்த ஏஜெண்ட் உங்கள் பெயர் மீது கோடு இழுத்தாக வேண்டும் அல்லவா.

கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்றும் ஒருவர் கிளம்புவார். ஆஸ்திரேலியாவில் 1924-லிருந்து கட்டாயம், போடாவிட்டால் 20 டாலர் அபராதம், தொண்ணூறு சதவீதத்தை ஒட்டிப் பதிவாகிறது. ஆனால் அங்கே தேர்தல் சனிக்கிழமை, தபாலிலும் முன்கூட்டியும் போடலாம், வாக்குச்சாவடி வாசலில் சாஸேஜ் சுட்டு விற்பார்கள், ஒரு திருவிழா மாதிரி. குஜராத்தில் உள்ளாட்சிக்குக் கட்டாயச் சட்டம் போட்டார்கள், 2015-ல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு பெயரை ராமநாதபுரத்தில் வைத்திருப்பவனுக்கு அபராதம் போட்டால் அவன் இரண்டு தடவை தண்டனை அனுபவிக்கிறான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கோலப்போட்டி, மனிதச் சங்கிலி, செல்ஃபி பாயிண்ட், "ஓட்டு நம் கடமை" பேனர், இவற்றுக்கெல்லாம் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் ஏற்கனவே ஓட்டுப் போடுகிறவர்கள். "போடாதவனுக்குக் கேள்வி கேட்க உரிமை கிடையாது" என்று திட்டுவதும் வேண்டாம். முதலாவது, அது பொய். வரி கட்டுகிற, ஏன், கட்டாத குடிமகனுக்கும் கேட்க உரிமை உண்டு. இரண்டாவது, திட்டு வாங்கியவன் அன்றைக்கு வேண்டுமென்றே தூங்குவான்.

வேலையே பட்டியலில்தான் ஆரம்பிக்கிறது. தேர்தல் அன்று சாவடி வாசலில் அழுகிற குரலில் பேசுகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பெயர் பட்டியலில் இல்லை, அல்லது பழைய வீட்டு முகவரியில் இருக்கிறது. 2025 கடைசியில் நடந்த தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சம் பெயர்கள் போயின, பெரும்பகுதி இடம் மாறியவர்கள் என்ற கணக்கில். அடையாள அட்டை கையில் இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைப்பதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய தப்பு. அட்டை வேறு, பட்டியல் வேறு. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. பதினேழு முடிந்த பிள்ளைகளே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. வேட்புமனு கெடு நெருங்கினால் கதவு சாத்திவிடுவார்கள், அதற்கப்புறம் வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் போட்டு அழுது பயனில்லை. உங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் ஓர் அங்கன்வாடிப் பணியாளரோ என்னைப் போல ஒரு வாத்தியாரோதான். கேட்டுக்கு வரும்போது வாட்ச்மேன் அவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்தது, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வீடு வீடாகப் போய் "ஓட்டுப் போடுங்க" என்று சொல்லாமல், "எத்தனை மணிக்குப் போறீங்க?" என்று கேளுங்கள். "டிபன் சாப்டுட்டு எட்டரைக்கு" என்று வாய் விட்டுச் சொன்னவர் பெரும்பாலும் போய்விடுவார். "பாக்கலாம்" என்றவரை எட்டரைக்காரரோடு கோத்துவிடுங்கள். எட்டரை மணிக்கு லிஃப்ட் பக்கத்தில் நான்கு பேர் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றால் ஐந்தாவது ஆளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று பேராசிரியர்கள் இது போன்ற ஒன்றைச் சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2006-ல் மிச்சிகன் மாநிலத்தில் சிலருக்கு, உங்கள் தெருவில் யார் யார் போன தடவை ஓட்டுப் போட்டார்கள், போடவில்லை என்று பட்டியல் அடித்து, தேர்தல் முடிந்ததும் இன்னொன்று வரும் என்று தபால் அனுப்பினார்கள். கடிதம் வராதவர்களைவிட அவர்களில் எட்டு சதவீதப் புள்ளி கூடுதலாகப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்பதற்கு அவ்வளவு சக்தி. ஆனால் இதை நம் ஊரில் அப்படியே செய்யாதீர்கள். யார் வரவில்லை என்ற பட்டியல் இங்கே யார் கைக்குப் போகும், அவர்கள் அதை வைத்து யாரை மிரட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

யாருக்குப் போடுகிறீர்கள் என்ற பேச்சை மட்டும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நுழைய விடாதீர்கள். அது நுழைந்த அன்றே உங்கள் முயற்சி ஒரு கட்சியின் வேலையாகிவிடும், பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள்.

வயதானவர்களை மறந்துவிடுகிறோம். 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம், ஆனால் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தாக வேண்டும். அந்த ஐந்து நாள் கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடும். மற்றபடி, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, தினக்கூலிக்கும் சேர்த்து. மீறினால் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைக்கும்தான், அதனால் அதன் லட்சணம் நமக்குத் தெரியும். சட்டம் கிடக்கட்டும். உங்கள் வாட்ச்மேனும் துப்புரவுப் பணியாளரும் அன்றைக்கு முறை மாற்றிக்கொண்டு போய்வர சங்கம் ஏற்பாடு செய்கிறதா? சமையலுக்கு வரும் அக்காவிடம் "ஓட்டுப் போட்டுட்டு மெதுவா வாங்க" என்று எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்? ஃபிளாட்காரர்கள் நூறு பேரைக் கிளப்புவதைவிட இது சுலபம்.

அப்புறம், பூத் சிலிப்பை மட்டும் கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள். வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் என்று ஏதாவது ஒன்று வேண்டும். மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் போதும், கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து டோக்கன் கொடுப்போம், எத்தனை மணியானாலும் போட்டுவிட்டுத்தான் போவீர்கள். ஒரு தடவை ஏழே கால் வரை உட்கார்ந்திருக்கிறேன். ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது செங்கல் சூளையிலிருந்து ஒரே வேனில் வந்து இறங்கினார்கள், கால் முழுக்கச் செம்மண். கடைசி டோக்கன் வைத்திருந்த பெண் பட்டனை அழுத்திவிட்டு, மெஷின் கத்தி முடிக்கிறவரை நகரவில்லை. "விழுந்துருச்சுங்களா?" என்று கேட்டு, நான் தலையாட்டினதுக்கு அப்புறம்தான் வெளியே போனார்.

இதை எல்லாம் சட்டமன்றத் தேர்தலுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். உள்ளாட்சியில்தான் உங்கள் 80 வீட்டுக்கு உண்மையான எடை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது சென்னையில் பதிவானது 43 சதவீதத்துச் சொச்சம். அப்படிப்பட்ட வார்டில் ஒரு குடியிருப்பு மொத்தமாகக் கிளம்பிப் போனால் கவுன்சிலர் உங்கள் நம்பரைப் போனில் பெயர் போட்டுச் சேமித்து வைப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு 80 வீட்டுக் கதவையும் தட்டுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது? "இங்கேதான்" என்பவரிடம் பாக எண்ணும் வரிசை எண்ணும் கேட்டு எழுதுங்கள். "ஊர்ல இருக்கு", "பழைய வீட்டுல", "தெரியலையே" என்று முப்பது வீட்டிலாவது பதில் வரும் என்பது என் அனுமானம். அந்த முப்பது வீட்டுக்குப் படிவம் 8-ஐ எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு திரும்பப் போங்கள்.